பழைய கம்ப்யூட்டரில் பழைய கேம்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிவாசிகள் எதை வாங்கலாம்... எதில் ஏமாறலாம்?

பரணில் தூசி படிந்து கிடக்கும் கம்ப்யூட்டரை காயலான் கடையில் எடைக்குப் போடுவதா, துடைத்து எடுத்து மறுபடி 'ரோடு ராஷ்' ஓட்டுவதா? 90'ஸ் கிட்ஸ் பலருக்கு இப்போது இரண்டாவதில்தான் ஆசை. பரணில் இல்லாதவர்கள் செகண்ட் ஹேண்டில் தேட ஆரம்பித்திருக்கிறார்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், யூடியூபில் வெளிநாட்டுக்காரர் மேஜையில் இருப்பதைப் பார்த்து அதையே தேடுவதில்தான். காசு போகும். சில நேரம், ப்ளக்கைச் சொருகி சுவிட்சைத் தட்டிய அடுத்த நொடியே மெஷினும் போகும். எதை வாங்கலாம், எதைத் தொடாமல் விடலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் கேம்... அப்புறம்தான் கம்ப்யூட்டர்

'பழைய கேம்' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த கேம் என்பதைப் பொறுத்து மெஷினே மாறிவிடும்.

மரியோ, கான்ட்ரா, துப்பாக்கியால் வாத்து சுடுவது... இதெல்லாம் கம்ப்யூட்டர் கேமே கிடையாது. ஜப்பானின் நின்டென்டோ 1983-ல் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கருவிக்காக வந்தவை. நம்மூரில் 'டி.வி. கேம்' என்ற பெயரில் விற்றதில் பெரும்பாலானவை அதன் நகல்கள். இதற்கு ஒரு டி.வி. கேம் பெட்டியும் பழைய டி.வி.யும் போதும்.

டேஞ்சரஸ் டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா போன்றவை டாஸ் காலத்தவை. இரண்டுமே டாஸுக்கு வந்தது 1990-ல். ரோடு ராஷ் (1996), ஏஜ் ஆஃப் எம்பையர்ஸ் (1997), ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ. (2000) எல்லாம் வின்டோஸ் 95, 98 காலம். ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி கம்ப்யூட்டருக்கு வந்தது 2003-ல். அது வின்டோஸ் எக்ஸ்.பி. காலம்.

ஆடப்போகும் 5 கேம்களின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பிறகு கடைக்குப் போனால் பாதி வேலை முடிந்தது.

புது லேப்டாப்பில் ஏன் ஓடாது?

'இவ்வளவு பெரிய லேப்டாப்பில் இத்தனூண்டு கேம் ஓடாதா?' என்று கேட்கலாம். ஓடாததற்குக் காரணம் இருக்கிறது. டாஸ், வின்டோஸ் 3.1 காலத்து புரோகிராம்கள் 16 பிட் முறையில் எழுதப்பட்டவை. வின்டோஸ் 95-க்கு வந்த கேம்களிலும், கேம் 32 பிட்டாக இருந்தாலும் அதை இன்ஸ்டால் செய்யும் புரோகிராம் 16 பிட்டாக இருப்பது உண்டு. இன்றைய 64 பிட் வின்டோஸ் அந்த 16 பிட் புரோகிராம்களைத் தொடவே தொடாது. வின்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது.

இன்னொன்று வேகம். பழைய டாஸ் கேம்கள் சில, பிராசஸரின் வேகத்தையே கடிகாரமாக எடுத்துக்கொண்டவை. வேகமான மெஷினில் போட்டால் ஹீரோ கண்ணுக்கே தெரியாத வேகத்தில் ஓடி செத்துப்போவார். அந்தக் காலத்து கேபினெட்டில் 'டர்போ' என்று ஒரு பட்டன் இருந்தது நினைவிருக்கிறதா? அதன் உண்மையான வேலை வேகத்தைக் கூட்டுவதல்ல. தேவைப்படும்போது மெஷினை மெதுவாக்கத்தான் அது. டர்போ பாஸ்கலில் எழுதிய பல புரோகிராம்கள் சுமார் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய பிராசஸரில் 'ரன்டைம் எரர் 200' என்று சொல்லி நின்றுவிடும்.

கமடோர், ஸ்பெக்ட்ரம் தேவையா?

வெளிநாட்டு வீடியோக்களில் அதிகம் வருபவை கமடோர் 64-ம், சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரமும். இரண்டும் 1982-ல் வந்தவை. ஸ்பெக்ட்ரமின் பெரிய மாடலிலேயே மெமரி 48 கே.பி.தான். காலையில் வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'குட்மார்னிங்' படம் அதைவிடப் பெரிது. அதற்குள் ஒரு முழு கேமை அடக்கினார்கள் என்பது ஆச்சரியம்தான். கேம் இருந்தது ஆடியோ கேசட்டில். லோட் ஆக சில நிமிடம் காத்திருக்க வேண்டும்.

இந்தியாவுக்கு இவை வரவே இல்லை என்று சொல்ல முடியாது. புணேயைச் சேர்ந்த டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் உரிமம் பெற்று ஸ்பெக்ட்ரம் ப்ளஸ்ஸை இங்கே விற்றது. மத்திய அரசு 1984-ல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்குப் போனது பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர். ஆனால் வீட்டுக்கு வீடு புழங்கிய பொருள்களாக இவை இங்கே மாறவில்லை. அதனால் உதிரி பாகமும் இல்லை, ரிப்பேர் தெரிந்தவரும் எளிதில் கிடைக்க மாட்டார்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மூன்று தலைவலி. அமெரிக்க மெஷின் என்றால் 110 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாகச் சொருகினால் புகைதான். டி.வி. சிக்னல் முறையும் வேறு: அங்கே என்.டி.எஸ்.சி., இங்கே பால். மூன்றாவது கமடோருக்கே உரியது. அதன் ஒரிஜினல் பவர் சப்ளை வயதானால் 5 வோல்ட்டுக்குப் பதில் கூடுதல் வோல்ட்டைத் தள்ளி, உள்ளே இருக்கும் மெமரி சிப்களை எரித்துவிடும் என்பது சேகரிப்பாளர்களிடையே பிரபலமான விஷயம். சேகரித்து வைக்கும் ஆர்வம் இருந்தால் வாங்கலாம். ஆடுவதற்கு என்றால் வேண்டாம்.

ஆன்லைனில் இன்னொரு பொறியும் இருக்கிறது. கீபோர்டு, மவுஸ் எல்லாம் வைத்து 'வின்டேஜ் ஹோம் கம்ப்யூட்டர்' என்று விற்பார்கள். உள்ளே இருப்பது அதே டி.வி. கேம் நகல்தான். 2000களில் 'பிள்ளைகள் டைப்பிங் கற்றுக்கொள்ளும்' என்று சொல்லி விற்றது. கேட்ரிட்ஜ் போட மேலே ஒரு பள்ளம் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். மரியோ ஆட வாங்கினால் தப்பில்லை. கம்ப்யூட்டர் விலை கொடுத்தால்தான் தப்பு.

அப்போ எதுதான் சரி?

பெரும்பாலானவர்களுக்கு ஒரே பதில்: வின்டோஸ் 98 போட்ட பென்டியம் 3. 1999-ல் வந்த பிராசஸர். 'அசெம்பிள்டு' செட்டாக அந்தக் காலத்தில் ஏராளமாக விற்றது. 500 முதல் 1,000 மெகாஹெர்ட்ஸுக்குள் எது கிடைத்தாலும் டேவ் முதல் ஐ.ஜி.ஐ. வரை ஒரே மெஷினில் முடித்துவிடலாம். டாஸ் கேம் அதிவேகமாக ஓடினால் பயாஸில் போய் கேஷ் மெமரியை ஆஃப் செய்தால் போதும், மெஷின் 386, 486 ரேஞ்சுக்கு இறங்கிவிடும். மீண்டும் ஆன் செய்தால் பழைய வேகம்.

மதர்போர்டில்தான் கவனம் வேண்டும். இன்டெல் 440 பி.எக்ஸ். சிப்செட் உள்ள போர்டு கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். தனி கிராபிக்ஸ் கார்டுக்கான ஏ.ஜி.பி. ஸ்லாட் இருக்கும். பெரும்பாலும் பழைய சவுண்ட் கார்டு போடும் நீளமான கறுப்பு ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டும் இருக்கும். டாஸ் கேமில் சவுண்ட் ஒழுங்காக வர அந்தக் கறுப்பு ஸ்லாட்டில் ஒரு சவுண்ட் பிளாஸ்டர் கார்டைப் போடுவதுதான் தொல்லையில்லாத வழி. இன்டெல் 810 என்றால் கிராபிக்ஸ் போர்டிலேயே இருக்கும், ஏ.ஜி.பி. ஸ்லாட் இருக்காது. டேவுக்கு அது போதும், 3டி கேம்களுக்கு மூச்சு வாங்கும்.

ராம் 128 அல்லது 256 எம்.பி. தாராளம். 'எக்ஸ்ட்ரா ராம் போட்டுத் தர்றேன் சார்' என்று கடைக்காரர் சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். 512 எம்.பி.க்கு மேல் போனால் வின்டோஸ் 98 தடுமாறும்.

வைஸ் சிட்டிதான் முக்கியம் என்பவர்கள் பென்டியம் 4, எக்ஸ்.பி. பக்கம் போகலாம். அந்த கேமுக்கு அன்று கேட்கப்பட்ட குறைந்தபட்சத் தகுதியே 800 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3, 128 எம்.பி. ராம். பென்டியம் 4 இன்னும் எளிதாகக் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் எக்ஸ்.பி.யில் டாஸ் கேம்களின் சவுண்ட் சரியாக வராது. இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு மெஷின்தான். வீட்டில் அதற்கு இடமும் அனுமதியும் இருக்கிறதா என்பது தனிப் பிரச்சினை.

486-ம் அதற்கு முந்தையவையும் பார்க்க அழகு. ஆனால் அந்த போர்டுகள் பலவற்றில் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி சால்டர் செய்யப்பட்டிருக்கும். வருடங்கள் போகப்போக அது கசிந்து, சுற்றியுள்ள செம்புத் தடங்களை அரித்துவிடும். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் கை வைக்க வேண்டாம். பென்டியம் 3-ல் இருப்பது சாதாரண 2032 பட்டன் பேட்டரி. கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

எங்கே தேடுவது?

அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்தில் இருப்பவர்களுக்கு முதல் இடம் காயலான் கடைகள்தான். கம்பெனிகள் பழைய கம்ப்யூட்டர்களை ஒட்டுமொத்தமாகக் கழிக்கும்போது எடைக்கு எடுப்பவர்கள் மூலம் இங்கே வரலாம். ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: பழைய பிராசஸர்களிலும் கார்டுகளின் முனையிலும் தங்கப் பூச்சு உண்டு. அதைப் பிரித்தெடுப்பவர்களும் இதே சரக்கைத்தான் தேடுகிறார்கள். பழைய போர்டுகள் வருடத்துக்கு வருடம் குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். கடைக்காரருக்கு அது எடைக் கணக்கு, உங்களுக்கு கேம் கணக்கு. பேரம் பேசும்போது எடை விலை என்ன என்பதைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

அடுத்தது ரிச்சி ஸ்ட்ரீட். ஆவடி, அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் வந்து இறங்கி, சென்ட்ரலில் மெட்ரோ பிடித்தால் அடுத்த ஸ்டேஷனான அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். பூந்தமல்லிக்காரர்களுக்கு நெடுஞ்சாலை வழியே சென்ட்ரல் பஸ் இருக்கிறது. அந்த ரயில் முனையத்துக்குப் பெயர் தந்த மூர் மார்க்கெட்டே ஒரு காலத்தில் சென்னையின் பழைய பொருள் சொர்க்கம். 1985-ல் எரிந்துபோனது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் முழு செட்டைத் தேடுவதைவிட, ஐ.டி.இ. கேபிள், பி.எஸ் 2 கீபோர்டு, கன்வெர்ட்டர் போன்ற சில்லறைச் சாமான்களுக்குப் போவதே புத்திசாலித்தனம்.

மூன்றாவது, தெரிந்தவர் வீட்டுப் பரண். ஆவடியின் பாதுகாப்புத் துறை தொழிற்சாலைக் குடியிருப்புகள் போன்ற இடங்களில் வீடு காலி செய்யும்போது இப்படிப்பட்ட பொருள்கள் வெளியே வரும். ஒரே வீட்டில் பயன்பட்ட மெஷின், டிரைவர் சி.டி., கேபினெட்டில் ஒட்டிய வின்டோஸ் ஸ்டிக்கர் எல்லாம் சேர்ந்து கிடைக்க வாய்ப்பு இங்கேதான் அதிகம். டிரைவர் சி.டி.யைக் கேட்டு வாங்க மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் ஸ்க்ரீன் 16 கலரிலேயே நின்றுவிடலாம்.

எங்கே வாங்கினாலும் கேபினெட்டின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். 2015 வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை என்று தண்ணீர் வீட்டுக்குள் புகுந்த ஊர் இது. குறிப்பிட்ட உயரம் வரை ஒரே கோடாகத் துரு, ஸ்க்ரூ ஓட்டைகளில் காய்ந்த சேறு தெரிந்தால் 'ஆன் ஆகுது சார்' என்ற பேச்சை நம்ப வேண்டாம். இன்று ஆன் ஆகும். அரிப்பு உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும்.

கரன்ட் கொடுக்கும் முன்...

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படிக்கலாம். பழைய மெஷின்கள் செத்துப்போவது பெரும்பாலும் முதல் முறை ஆன் செய்யும்போதுதான்.

பின்பக்கம் பவர் கேபிள் சொருகும் இடத்தருகே சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருந்தால் அது 230-ல் இருக்கிறதா என்று பாருங்கள். 115-ல் இருந்தபடி நம்மூர் கரன்ட் கொடுத்தால் 'டப்' என்ற சத்தத்தோடு எஸ்.எம்.பி.எஸ். போய்விடும்.

அடுத்து மூடியைத் திறந்து மதர்போர்டில் உள்ள கெபாசிட்டர்களைப் பாருங்கள். சின்ன டப்பா மாதிரி நிற்பவை. தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்த போர்டு ரிப்பேர் இல்லாமல் ஆகாது. 1999 முதல் 2007 வரையிலான போர்டுகளில் தரமற்ற கெபாசிட்டர்கள் உலகம் முழுக்கவே பெரிய பிரச்சினையாக இருந்தன. டி.வி. ரிப்பேர் தெரிந்தவர் அவற்றை மாற்றிவிடுவார், அது பெரிய வித்தை இல்லை.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை தனியாக மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பது நல்லது. மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பு ஒயரில் 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். புதிதாக வாங்கிப் போடலாமே என்றால், அதிலும் ஒரு நெளிவு உண்டு. பென்டியம் 3 போர்டுகள் கரன்டை அதிகம் இழுப்பது 5 வோல்ட் லைனில். இன்றைய எஸ்.எம்.பி.எஸ்.கள் 12 வோல்ட்டுக்காகவே செய்யப்படுபவை. லேபிளில் 5 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும்.

கேபினெட்டைத் தொட்டால் 'சுர்'ரென்று இழுக்கிறதா? வீட்டு சாக்கெட்டில் எர்த் சரியில்லை என்று அர்த்தம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரி செய்யாமல் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. ரொம்பப் பழைய ஏ.டி. வகை கேபினெட் என்றால் முன்பக்கப் பவர் பட்டனுக்கே 230 வோல்ட் நேரடியாக வரும், அதைத் திறந்து நோண்டக் கூடாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பழைய பெட்டி மானிட்டருக்குள் 20,000 வோல்ட்டைத் தாண்டும். இரண்டையும் வீட்டில் திறக்கவே வேண்டாம்.

ஹார்டு டிஸ்க் எப்படியும் போகும். 20 வருடம் தாண்டிய ஹார்டு டிஸ்க் ஓடினால் அது போனஸ். பழைய டிஜிட்டல் கேமராக்களில் போட்ட காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டை ஒரு சிறிய அடாப்டரில் மாட்டி ஹார்டு டிஸ்க்காக வைக்கலாம். சத்தம் இருக்காது. கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டு கேம் காப்பி செய்துகொள்ளலாம் என்பது பெரிய வசதி, ஏனென்றால் வின்டோஸ் 98-ல் தனி டிரைவர் இல்லாமல் பென் டிரைவ் வேலை செய்யாது. கார்டு 32 ஜி.பி.க்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் அந்தக் கால பயாஸ்கள் பலவும் திணறும்.

பெட்டி மானிட்டர் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. ஆனால் வித்தியாசம் தெரியும். டாஸ் கேம்களின் படம் 320-க்கு 200 புள்ளிகள்தான். அதை அகலமான எல்.இ.டி. மானிட்டரில் இழுத்தால் டேவ் குண்டாகத் தெரிவார். 17 இன்ச் சதுர எல்.சி.டி. மானிட்டர் நல்ல சமரசம், மேஜையில் இடமும் மிச்சம்.

டி.வி. கேம் ஆட்களுக்கு மட்டும் விதிவிலக்கு. வாத்து சுடும் துப்பாக்கி புது டி.வி.யில் வேலை செய்யாது. ட்ரிக்கரை அழுத்தும்போது ஸ்க்ரீன் ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கிக்குள் இருக்கும் சென்சார் அந்த வெளிச்சத்தைப் பிடிக்கிறது. பிக்சர் டியூப் வெளிச்சத்தை உடனுக்குடன் வரையும் முறையை நம்பிச் செய்த ஏற்பாடு அது. எல்.இ.டி. டி.வி.யில் வெளிச்சம் வரும் விதமே வேறு, தாமதமும் உண்டு. எனவே அதற்கு டயனோரா, சாலிடேர் போன்ற நம்ம சென்னைத் தயாரிப்போ வேறு எதுவோ, ஓடும் நிலையில் ஒரு பழைய டி.வி. வேண்டும்.

மெஷினே வேண்டாம் என்பவர்களுக்கு

ஆசை கேம் மேல் மட்டும்தான், பெட்டி மேல் இல்லை என்றால் இத்தனை அலைச்சல் தேவையில்லை. டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் இன்றைய லேப்டாப்புக்குள் ஒரு டாஸ் மெஷினை உருவாக்கித் தரும். வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். 86 பாக்ஸ் என்ற மென்பொருளில் வின்டோஸ் 98-ஐயே முழுதாக நிறுவ முடியும். 5 கேம் பட்டியலில் டாஸ் கேம்கள் மட்டுமே இருந்தால் முதலில் இதை ஒரு வாரம் ஆடிப் பார்த்துவிட்டு, பிறகு காசு செலவழிப்பதே நல்லது.

கேம் ஃபைல்களுக்கும் சட்டம் உண்டு. பழையது என்பதால் எதுவும் இலவசம் ஆகிவிடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராம்களும் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகின்றன, பாதுகாப்பு பல பத்தாண்டுகள் நீளும். ஒரிஜினல் சி.டி. கையில் இருந்தால் கவலை இல்லை. இல்லாதவர்கள் ஜி.ஓ.ஜி. போன்ற தளங்களில் பழைய கேம்களை விலை கொடுத்து வாங்கலாம்.

வாங்கிய கம்ப்யூட்டரில் பழைய ஹார்டு டிஸ்க் ஓடுகிறது என்றால், அதில் யாரோ ஒருவரின் கல்யாண போட்டோவோ ஆபீஸ் ஃபைலோ இருக்கக்கூடும். தெரிந்தவர் வீட்டு மெஷின் என்றால் காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டு அழிக்கலாம், தெரியாதவர் என்றால் திறந்து பார்க்காமல் ஃபார்மேட் செய்துவிடலாம். கழித்துப் போடும் போர்டு, பிக்சர் டியூப் எதுவும் குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும். செம்புக்காக ஒயரை எரிப்பவர்களிடம் போனால், அந்தப் புகை உங்கள் தெருவுக்கே திரும்பி வரும்.